காதலும் கணவன் உரிமையும்
(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



காதல் என்றவுடனே நமது ஜனங்களுக்கு ஞாபகம் வருவது என்ன? ஊண் இறங்கவில்லை, உறக்கம் வரவில்லை, நிலவு சுட்டது, தென்றல் சுட்டது என்று பிதற்றுவதுதான். காதலியைப் பிரிந்தவன் ஒரு வேலைக்கும் உதவாதவனாகிப் பைத்தியம் பிடித்துத் திரிந்தால்தான் அது உண்மைக் காதல் என்று புலவர்கள் எழுதி வைத்துவிட்டார்கள். மெய்யாகவே 20 வருஷத்துக்கு மேல் அப்படிப்பட்ட நிலையில் இருந்த ஒரு அறிஞர் என்ன செய்தார் என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1806-ல் லண்டனில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் படித்தவரல்ல. தகப்பனாரே 3 வயதில் கிரேக்க பாஷையை ஆரம்பித்து வைத்தார். மத உபதேசம் என்பது அவருக்குச் செய்யப்படவேயில்லை. 1823-ல், தமது 17-வது வயதில், கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். நமது நாட்டை ஆண்ட கம்பெனிதான். இங்குள்ள அதிகாரிகளுக்குப் போகும் உத்தரவுகளை எழுதும் வேலையில் 35 வருஷம் இருந்தார். ஆனால் இந்தியாவை ஒரு நாளும் கண்ணால் கண்டவரல்ல.

1830-ல் ஹாரியட் டெய்லர் என்ற அம்மையாரை அவர் சந்தித்தார். மில்லுக்கு அப்போது 24 வயது, அம்மையாருக்கு 22. அந்த அம்மையாருக்கு ஏற்கெனவே ஒரு வியாபாரியுடன் கல்யாணம் ஆகியிருந்தது, குழந்தைகளும் இருந்தார்கள். புருஷனார் கெட்டவரல்ல, யோக்கியமானவர். ஆனால் அறிவு விஷயங்களில் அம்மையாருக்கு இருந்த தாகம் அவருக்கு இல்லை. மில்லுக்கும் அம்மையாருக்கும் அறிவால் உண்டான நேசம் அன்பாக முற்றிற்று.

இனி என்ன செய்வது? புருஷனை விட்டு விலகி வேறொருவரை மணந்துகொள்வதுதானே என்று கேட்பீர்கள். அன்றைய இங்கிலாந்தின் சட்டத்தைக் கேளுங்கள். கல்யாணமானவுடன் பெண்ணின் கைப்பொருளும் சம்பாத்தியமும் புருஷனுடையது. பெற்ற குழந்தையும் புருஷனுடையது. விவாகரத்து வேண்டுமானால் பார்லிமெண்டில் அதற்கென்று ஒரு தனிச் சட்டம் நிறைவேற வேண்டும். அதற்குப் பெரும் பணம் வேண்டும். ஒரு பெண் கேட்டு வாங்குவதோ அபூர்வத்திலும் அபூர்வம். கல்யாணம் கடவுள் போட்ட முடிச்சு என்று பாதிரிமார் சொன்னதை அந்தச் சட்டம் காவல் காத்தது. ஆகவே இவ்விருவரையும் பிரித்து வைத்தது விதியுமல்ல, நட்சத்திரமுமல்ல. ஆண்கள் எழுதி வைத்த சட்டம்தான்.

1833 முதல் அம்மையார் தமது மகளுடன் லண்டனுக்கு வெளியே பெரும்பாலும் தனியாக வசித்தார். மில் ஓய்வு நாட்களில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். ஊரார் சும்மா இருப்பார்களா? வம்பு பேசினார்கள். சினேகிதர் பலரிடமிருந்து இருவரும் ஒதுங்கும்படி ஆயிற்று.

அந்த வருஷங்களில் மில் தம்முடைய பொழுதை எப்படிக் கழித்தார்? காலையில் ஆபீசுக்கு நடந்தே போவார். அங்கே மேஜையிலேயே தேநீர், ரொட்டி, அவித்த முட்டை. பிறகு கம்பெனி வேலை. மீதி நேரமெல்லாம் படிப்பும் எழுத்தும். இப்படித்தான் 1843-ல் தர்க்க சாஸ்திர நூலும், 1848-ல் பொருளாதார நூலும் வெளிவந்தன. பொருளாதார நூலில் தொழிலாளரின் எதிர்காலத்தைப் பற்றிய அத்தியாயம் அம்மையார் கொடுத்த கருத்தினால் உண்டானது என்று பிற்பாடு அவரே எழுதி வைத்தார். அந்த நூலை அம்மையாருக்குக் காணிக்கையாக்க நினைத்தபோது புருஷனார் ஒப்பவில்லை. ஆகவே சினேகிதருக்குக் கொடுத்த பிரதிகளில் மட்டும் காணிக்கைப் பக்கம் சேர்ந்தது.

1849-ல் புருஷனார் நோயாய்ப் படுத்தார். அம்மையார் கூடவே இருந்து கடைசி வரை பணிவிடை செய்தார். ஊரார் பேசிய வம்புக்கு இதைவிடப் பதில் வேண்டுமா? அவர் இறந்து ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்குப் பிறகு, 1851-ல்தான் மில் அம்மையாரை மணந்தார்.

தோழர்களே! இந்த இடத்தைக் கவனியுங்கள். 21 வருஷம் காத்திருந்தவன், கைக்கு வந்த உரிமையை இறுகப் பிடித்துக் கொள்ளுவான் என்றுதானே நினைப்பீர்கள்? மில் என்ன செய்தார்? கல்யாணத்துக்கு முன்பே ஒரு பத்திரம் எழுதினார். மனைவியின் உடல்மீதும், சொத்தின்மீதும், சுதந்திரத்தின்மீதும் சட்டம் புருஷனுக்குக் கொடுக்கும் அதிகாரம் அநியாயமானது. அதை ஒருக்காலும் உபயோகிக்க மாட்டேன். கல்யாணம் ஆகாதிருந்தால் என்ன சுதந்திரம் இருக்குமோ அதே சுதந்திரம் அவருக்கு உண்டு என்பது அதன் சாரம். கோர்ட்டில் அந்தக் காகிதம் செல்லாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினார். சட்டம் கொடுத்தாலும் நியாயம் கொடுக்காததை நான் தொட மாட்டேன் என்று சொல்ல ஒரு ஆண்பிள்ளை துணிந்தார்!

கல்யாணத்துக்குப் பிறகும் பிரிவு விடவில்லை. இருவருக்கும் மார்பு நோய். 1854-ன் ஆரம்பத்தில் அம்மையார் பிரெஞ்சு நாட்டில் குளிருக்கு ஒதுங்கியிருக்க, மில் லண்டனில் உத்தியோகம் பார்த்தார். அந்த நாட்களில் தினம் ஒரு கருத்தாவது எழுதுவது என்று ஒரு நாட்குறிப்பு வைத்தார். அடுத்து எந்தெந்த விஷயங்களைப் பற்றி எழுதலாம் என்று கடிதத்தில் அம்மையாரைக் கலந்தார். அவ்வருஷக் கடைசியில் வைத்தியருக்காக மில் இத்தாலிக்கும் கிரீசுக்கும் தனியே போக நேர்ந்தது. தங்கிய விடுதி, நடந்த தூரம், உடம்பின் நிலை, வழியில் கண்ட செடிகொடி எல்லாவற்றையும் ஓயாமல் எழுதி அனுப்பினார். 1855 ஜனவரியில் ரோமாபுரியில் ஒரு குன்றின் படிகளில் ஏறும்போது, முன்பு எழுதிய சுதந்திரக் கட்டுரையை ஒரு தனி நூலாக்க வேண்டுமென்று தோன்றிற்று. உடனே அதையும் அம்மையாருக்கு எழுதினார். பிரிவிலே புலம்பல் பிறக்கவில்லை, புத்தகம் பிறந்தது!

அந்த நூல் அச்சாகுமுன் 1858 நவம்பரில், பிரெஞ்சு நாட்டு அவிஞோன் நகரில், அம்மையார் இறந்து போனார். மில் அங்கே பளிங்கில் கல்லறை கட்டி, பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கி, வருஷத்தில் பல மாதம் அங்கே வசித்தார். அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தாரா? இல்லை. 1859-ல் சுதந்திர நூலை அம்மையாருக்குக் காணிக்கையாக்கி வெளியிட்டார். 1867-ல் பார்லிமெண்டில் பெண்களுக்கும் ஓட்டு வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தார். 73 பேர் ஆதரித்தார்கள், 196 பேர் எதிர்த்தார்கள், தோற்றது. 1869-ல் பெண்ணடிமையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். 1873-ல் இறந்து, அதே கல்லறையில் அடங்கினார். மனைவிக்கும் தனிச் சொத்துண்டு என்று அந்நாட்டுச் சட்டம் ஒப்பியது 1882-ல். ஆணுக்குச் சமமான ஓட்டுக் கிடைத்தது 1928-ல். மனைவியானாலும் பலாத்காரம் பலாத்காரம்தான் என்று அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் சொன்னது 1991-ல். மில் ஒரு காகிதத்தில் எழுதிய நியாயத்துக்குச் சட்டம் வந்து சேர 140 வருஷம் ஆயிற்று!

இதனால் மில்லை நான் அவதார புருஷராக்க வரவில்லை. பெண் தன்னைத் தானே ஆளத் தகுதியுள்ளவள் என்று கண்ட அந்த அறிவு, இந்தியனும் அப்படியே என்று காணவில்லை. கம்பெனி ஆட்சிக்குப் பரிந்து பேசினார். சுதந்திர நூலிலேயே பின்தங்கிய ஜனங்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கு வைத்தார். பெரிய அறிஞர் சொன்னார் என்பதற்காக எதையும் ஒப்பாதீர்கள். சரியானதை எடுத்துக் கொள்ளுங்கள், தவறானதைத் தள்ளுங்கள்.

எடுத்துக்கொள்ள வேண்டியது இதுதான். காதலுக்கு அடையாளம் எவ்வளவு ஏங்கினான் என்பதல்ல. எவ்வளவு அதிகாரத்தை விட்டுக் கொடுத்தான் என்பதே. என் பெண்ஜாதிமேல் எனக்கு உயிர் என்று சொல்லுகிற ஆண்களைக் கேட்கிறேன்: அவள் சம்பாத்தியம் யார் கையில் இருக்கிறது? அவள் தாய்வீடு போக யார் உத்தரவு வேண்டும்? உங்கள் காரியங்களில் அவள் யோசனையை என்றைக்காவது கேட்டதுண்டா? மில்லைப் போல ஒரு பத்திரம் எழுதச் சொன்னால் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவீர்கள்? வீட்டுக்குப் போய் நிதானமாக யோசித்துப் பாருங்கள். யோசிக்கும்போது தாய்மார்களையும் கூட வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இவ்வளவோடு என் பேச்சை முடித்துக் கொள்ளுகிறேன்.