அரிசிக் கடைக்கு வறுமைக்கோடு வேண்டாம்

நியாயவிலைக் கடை அரிசி எல்லோருக்குமா, ஏழைகளுக்கு மட்டுமா என்று இம்மன்றத்தின் முன் வைக்கப்பட்டிருக்கும் கேள்வி, பார்வைக்குச் செலவுக் கணக்கைப் போலத் தோன்றினாலும், மக்களை வசதியுள்ளோர் என்றும் இல்லாதோர் என்றும் பிரித்து எழுதும் அதிகாரத்தை ஒரு சமூகம் யாரிடம், எந்த அளவுகோலோடு ஒப்படைக்கிறது என்பதைப் பற்றியது. வருமானம் பாராமல் குடும்ப அட்டை வழங்கி, அரிசி வேண்டுவோர்க்கு அரிசியும், அது வேண்டாதோர்க்குக் கூடுதல் சர்க்கரையும் தரும் தமிழ்நாட்டு முறை 'அனைவருக்குமான பொது விநியோகம்' எனப்படும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்போரைப் பட்டியலிட்டு அவர்களுக்கு மட்டும் மானிய விலையில் வழங்குவது 'இலக்கு சார்ந்த பொது விநியோகம்' எனப்படும். முன்னதே மேலானது என்பது இவ்வணியின் நிலைப்பாடு.

இந்திய அரசு 1997 ஜூனில் இலக்கு சார்ந்த முறைக்கு மாறியபோது சொன்ன காரணம் கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது: தேவையில்லாதவருக்குப் போகும் மானியத்தை நிறுத்தினால் தேவைப்படுவோர்க்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். நடந்தது வேறு. வறுமைக்கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கான விலை 2000ஆம் ஆண்டில், கொள்முதல், போக்குவரத்து, சேமிப்பு ஆகிய அனைத்தையும் சேர்த்த முழு அடக்கவிலைக்கு உயர்த்தப்பட்டதும், அவர்கள் கடைகளை விட்டு விலகினார்கள். வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 2002ஆம் ஆண்டின் நடுவில் அரசுக் கிடங்குகளில் 6 கோடி டன்னுக்கும் அதிகமான தானியம் தேங்கியது. கிடங்குகள் நிரம்பி வழிந்த அதே காலத்தில்தான், வறட்சி கண்ட மாநிலங்களின் பசியை முன்வைத்து மக்கள் குடிமை உரிமைக் கழகம் 2001இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடர வேண்டியிருந்தது.

பட்டியல் போட்டுக் கொடுக்கும் எந்தத் திட்டத்திலும் இரு வகைப் பிழைகள் நேரும். தகுதியுள்ளவர் விடுபடுவது விலக்கல் பிழை. தகுதியற்றவர் உள்ளே வருவது சேர்த்தல் பிழை. எதிரணி பேசிய அனைத்தும் இரண்டாவதைப் பற்றியது. முதலாவதைப் பற்றிய சான்று என்ன சொல்கிறது? 2004-05ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வுத் தரவுகளின்படி, இந்தியக் கிராமப்புற ஏழைக் குடும்பங்களில் ஏறத்தாழப் பாதியிடம் வறுமைக்கோட்டுக்குக் கீழானோர் அட்டையே இல்லை. 2005இல் திட்டக்குழுவின் மதிப்பீட்டு அமைப்பு, இலக்கு சார்ந்த முறையில் ஓர் ஏழைக்கு 1 ரூபாய்ப் பயன் போய்ச்சேர அரசு 3 ரூபாய் 65 காசு செலவிடுவதாகக் கணக்கிட்டது. சிக்கனத்துக்காகக் கொண்டுவந்த முறையின் சிக்கனம் இவ்வளவுதான். தவிரவும், இவ்விரு பிழைகளையும் ஒரே தராசில் வைப்பதே தவறு: வசதியுள்ளவர் வீட்டுக்குப் போன அரிசி அரசுக்கு நட்டம், அவ்வளவே, இல்லாதவர் வீட்டுக்குப் போகாத அரிசி ஒரு குழந்தையின் வளர்ச்சியிலிருந்து கழிக்கப்படுகிறது, அதை அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஈடுசெய்ய முடியாது.

கோடு எங்கே கிழிக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12ஆம் ஆண்டுக்குத் திட்டக்குழு அறிவித்த வறுமைக்கோடு, ஆள் ஒருவருக்கு மாதச் செலவு கிராமத்தில் 816 ரூபாய், நகரத்தில் 1,000 ரூபாய். 820 ரூபாய் செலவிட்ட கிராமத்தார் வறியவர் பட்டியலில் சேரமாட்டார். மேலும், உழைக்கும் மக்களின் வருமானம் மாதந்தோறும் ஒரே அளவில் நிற்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்தால் விசைப்படகுத் தொழிலாளியின் கை வறண்டுவிடும், மழைக்காலத்தில் கொத்தனாரும் சித்தாளும் வேலையின்றி இருப்பார்கள், நூல் விலை ஏறினால் தறி நின்றுபோகும். பல ஆண்டுகளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் கணக்கெடுப்பு, இந்த ஏற்ற இறக்கங்களில் ஏதோ ஒரு நாளைப் படம்பிடித்து, அதையே அக்குடும்பத்தின் நிலையான அடையாளமாக எழுதிவைக்கிறது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் வந்து, தமிழ்நாடு அதில் 2016 நவம்பரில் இணைந்தபோதும், மாநில மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு மட்டுமே ஒன்றிய அரசின் ஒதுக்கீடு பொருந்தியது; மீதிப்பேருக்கான சுமையை மாநிலமே ஏற்று அனைவருக்குமான முறையைத் தொடர்ந்தது. ஆயினும் 2017இல் மாநில அரசிதழில் வெளியான விதிகள், அந்த ஒன்றிய ஒதுக்கீட்டுக்கான முன்னுரிமைப் பட்டியலில் சேரக்கூடாத குடும்பங்களை வரிசைப்படுத்தின: குளிர்சாதனம் உள்ளவை, நான்கு சக்கர வாகனம் உள்ளவை, மூன்று அறைகள் கொண்ட கல்வீட்டில் இருப்பவை, ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டியவை. எதிர்ப்புக் கிளம்பியதும், யாருடைய அரிசியும் நிற்காது என்று அமைச்சரே விளக்கம் சொல்ல நேர்ந்தது. அவ்விதிகள் உண்மையிலேயே அமலாகியிருந்தால், வாடகைக் கார் ஓட்டிக் கடன் தவணை கட்டுபவரும், தவணையில் குளிர்சாதனம் வாங்கியவரும் வறியவர் இல்லை என்று தீர்ப்பாகியிருக்கும்; அறைகளை எண்ண ஒருவர் வீடுவீடாக வந்திருப்பார்; அவருக்குத் தேநீர் கொடுத்து, வேறு சிலவும் கொடுத்து அனுப்பும் வழக்கம் முளைத்திருக்கும்.

இது வீண் அச்சமென்று எதிரணி சொல்லக்கூடும். ஆனால் ராஜஸ்தானின் தௌசா மாவட்டத்தில் 2017இல், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தானியம் பெறும் குடும்பங்களின் வீட்டுச் சுவரில், தாம் ஏழை என்றும் இச்சட்டத்தின்படி ரேஷன் பெறுவதாகவும் வண்ணத்தில் எழுதப்பட்டது. தகுதியற்றோர் வெட்கி விலகட்டும் என்பதே அதன் நோக்கம். இலக்கு என்ற சொல்லை அதன் கடைசி எல்லைவரை கொண்டுசென்றால் அது வந்து நிற்கும் இடம் அந்தச் சுவர்தான்: உணவு உரிமையாகத் தரப்படுகிறது, ஆனால் அதற்கு ஈடாகக் குடும்பத்தின் மானம் தெருவில் வைக்கப்படுகிறது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க வந்த திட்டமே ஏற்றத்தாழ்வுக்குப் பெயர்ப்பலகை எழுதிக்கொடுத்த விந்தை அது.

அனைவருக்கும் உரிய கடையில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. ஆசிரியர் வீட்டு அட்டையும் அலுவலக உதவியாளர் வீட்டு அட்டையும் ஒரே கடையில் பதிவாகியிருக்கும்போது, துவரம் பருப்பு வரவில்லையென்றால் கேள்வி கேட்கவும், மனு எழுதவும், நாளிதழுக்குச் சொல்லவும் தெரிந்த ஒருவர் அந்த வரிசையில் இருப்பார். வறியவர்க்கு மட்டுமான கடையில் அந்தக் குரல் இருக்காது. தமிழ்நாட்டுக் கடைகளில் பெரும்பாலானவற்றைத் தனியார் முகவர்கள் நடத்தாமல் கூட்டுறவுச் சங்கங்கள் நடத்துவதும் இங்கே கசிவு குறைந்திருப்பதற்குக் காரணமே. சத்தீஸ்கர் 2004க்குப் பின் கடைகளைத் தனியாரிடமிருந்து மீட்டது, விலையைக் குறைத்தது, அட்டைகளை ஏறத்தாழ எல்லோருக்கும் விரித்தது. 2004-05இல் பாதியளவு தானியம் வழியிலேயே மறைந்த அம்மாநிலத்தில், 2011-12இல் அது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியதாகப் பொருளியல் அறிஞர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

ரேஷன் அரிசி எல்லை கடந்து கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கடத்தப்படுகிறது என்ற குற்றச்சாட்டு உண்மையே. அதை மறைப்பதால் வாதம் வலுக்காது. ஆனால் கடத்தலுக்கு மருந்து சோதனைச் சாவடியும், அரிசி வேண்டாதவர் தயக்கமின்றிச் சர்க்கரை அட்டைக்கு மாறும் ஏற்பாடும், எல்லாவற்றுக்கும் மேலாக அரிசியின் தரமும்தான். பல வீடுகளில் இன்றும் கடையரிசி இட்லி மாவுக்கும், வெளியில் வாங்கிய பொன்னி சாப்பாட்டுக்கும் என்று பிரிந்துகிடக்கிறது. வரிசையில் மறைந்த வர்க்க வேறுபாடு சோற்றுப் பானையில் மீண்டும் தலைகாட்டுகிறது என்பதை இவ்வணி மறுக்கவில்லை. அதற்குத் தீர்வு அரிசியை நல்லதாக்குவது. வேண்டாதவர் சர்க்கரை அட்டைக்கு மாறித் தாமாகவே விலகும் வடிகட்டலுக்கு அதிகாரியும் தேவையில்லை, சுவரெழுத்தும் தேவையில்லை.

எஞ்சியிருப்பது பணம். செல்வருக்கும் அரிசி கொடுக்க அரசிடம் பணம் ஏது என்று எதிரணி மீண்டும் கேட்கும். செல்வரை அடையாளம் கண்டு அவரிடமிருந்து கூடுதலாகப் பெறுவதற்கு உரிய இடம் வரி அலுவலகம். அங்கே செய்ய வேண்டிய வேலையை அரிசிக் கடை எடைப் பணியாளர் தலையில் ஏற்றக்கூடாது. சொத்து வரி, அதாவது குறிப்பிட்ட வரம்புக்கு மேற்பட்ட செல்வத்தின் மீது ஆண்டுதோறும் விதிக்கப்பட்ட வரி, 2015ஆம் ஆண்டு ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் கைவிடப்பட்டது. 2013-14இல் அது ஈட்டியது 1,008 கோடி ரூபாய் மட்டுமே என்றும், வசூலிக்கும் செலவும் சிரமமும் அதிகம் என்றும் காரணம் கூறப்பட்டது. அதற்கு ஈடாகப் பெருவருமானத்தினர் மீது 2 விழுக்காடு கூடுதல் மேல்வரி வந்தது, உண்மை. ஆனால் குவிந்த செல்வத்தை அளக்கும் வேலை நின்றுபோனது. செல்வரின் சொத்தை எண்ணுவது அரசுக்குக் கட்டுப்படியாகாதென்றால், வறியவர் வீட்டு அறைகளை எண்ணுவது மட்டும் எப்படிக் கட்டுப்படியாகிறது என்பதற்கு, அடுத்துப் பேசவரும் எதிரணியினர் கணக்கோடு விடை சொல்லட்டும்.