உத்தரிப்பும் திரிசங்கும்



பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், ஆனேக்கலுக்கு வழி பிரியுமிடத்தில் உள்ளது சந்தாபுரா. அதனை அடுத்திருப்பது பொம்மசந்திராத் தொழிற்பேட்டை. அத்திப்பள்ளியைக் கடந்துவிட்டால் தமிழ்நாடு. பிழைப்பை நாடி வந்து இங்கே குடியமர்ந்த தமிழராகிய நாம், வேலை முடிந்து வண்டி நெரிசலில் சிக்கி நிற்கும்போது, ‘இது நரகம்’ என்கிறோம். பிறந்த ஊரும் நமதன்று, வந்த ஊரும் நமதன்று எனத் தோன்றும்போது, ‘திரிசங்கு சொர்க்கம்’ என்கிறோம். நம்மிடையே உள்ள கத்தோலிக்க அன்பர்களோ, ‘உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிறோம்’ என்பர். இம்மூன்றையும் ஒரே பொருளில் வழங்குகிறோம். ஆயினும் இவை ஒன்றல்ல.

உத்தரிக்கிற ஸ்தலம் என்பது யாது? இறைவனின் அருளில் உயிர் நீத்தும் முழுத் தூய்மை எய்தாதவர்கள், விண்ணகம் புகுமுன் தூய்மையாக்கப்படுவதையே கத்தோலிக்கத் திருச்சபை அவ்வாறு குறிக்கின்றது. 1274-இல் லியோன் சங்கமும், 1439-இல் புளோரன்ஸ் சங்கமும் இக்கொள்கையை எடுத்துரைத்தன. 1563-இல் திரெந்து சங்கம் இதனை மீண்டும் உறுதி செய்தது. அப்போதே, இதன் பெயரால் மூடநம்பிக்கையும் பொருளாசையும் புகலாகாது என்றும் எச்சரித்தது. 1517-இல் மார்ட்டின் லூதர் தொடங்கிவைத்த சீர்திருத்தத்தின் வழிவந்த சபையினர் இக்கொள்கையை ஏற்பதில்லை. 1999-இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், இஃது ஓர் இடமன்று, ஒரு நிலையே என விளக்கினார். அந்நோக்கில், ‘ஸ்தலம்’ என்பதினும் ‘நிலை’ என்பதே பொருத்தமுடையது.

‘உத்தரித்தல்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. வடமொழியில் ‘உத்தரணம்’ என்பது நீரைக் கடந்து கரையேறுதல். தமிழ்க் கிறித்தவ வழக்கில் உத்தரித்தலாவது, பிழைக்கு ஈடு செய்து தீர்த்தல். ஈழத்தமிழர் பேச்சில் பெருந்துன்பத்தை அனுபவித்தலையே இச்சொல் குறிக்கக் காண்கிறோம். நம் கன்னட அண்டை வீட்டாருக்கோ ‘உத்தரிசு’ என்றால் விடையளி என்று பொருள். துன்பம், ஈடு, கரையேற்றம் என்னும் மூன்றும் இவ்வொரு சொல்லில் அடங்கியுள்ளன. பேச்சு வழக்கில் நாம் துன்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு, கரையை மறந்துவிட்டோம்!

இங்கேதான் திரிசங்குவின் கதை வேறுபடுகின்றது. விசுவாமித்திரர் மேலே அனுப்பினார்; இந்திரன் கீழே தள்ளினான்; மன்னன் இடையிலே தலைகீழாக நின்றுவிட்டான். அவனுக்கு ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. உத்தரிக்கும் ஆன்மாவோ வழியில் இருப்பது. சேருமிடம் அதற்கு உறுதியாகிவிட்டது. கிறித்தவர் கூறும் நரகத்துக்கு முடிவில்லை, உத்தரிப்புக்கு முடிவுண்டு. இந்து சமய நூல்கள் கூறும் நரகமும் வினை தீருமளவும் நிற்பதேயாம். ஆதலின், இரண்டும் ஒன்றல்லவாயினும், அந்நரகம் இவ்வொரு வகையில் உத்தரிப்பை ஒத்திருக்கின்றது.

மற்றோர் உண்மையும் உண்டு. உத்தரிப்பவர் தனித்து விடப்படுவதில்லை. நவம்பர் 2-ஆம் நாளாகிய கல்லறைத் திருநாளில், கத்தோலிக்கர் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலரிட்டு, மெழுகுவத்தி ஏற்றி, இறந்தோருக்காக மன்றாடுகின்றனர். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் இந்துக்கள் எள்ளும் நீரும் இறைத்துத் தென்புலத்தார் கடனை ஆற்றுகின்றனர். கொள்கைகள் வேறு, எனினும், ஒருவர் துன்பத்தில் மற்றவருக்குப் பங்குண்டு என்னும் உணர்வு இரண்டிலும் காணப்படுகின்றது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். உத்தரிப்பு என்பது தன் குறையைத் தீர்க்கும் துன்பம். பிறர் நம்மீது சுமத்தும் அநீதி உத்தரிப்பாகாது. ஒரே வேலையைச் செய்யும் இருவருள் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மட்டும் குறைந்த கூலி தந்துவிட்டு, ‘பொறுத்துக்கொள், எல்லாம் உன் வினைப்பயன்’ என்பவர் சமயம் பேசுபவரல்லர். அவருக்கு விடை சொல்ல வேண்டியவை சட்டமும் தொழிற்சங்கமுமே.

ஆகவே, அயல் மாநிலத்து வாழ்வை எப்பெயரிட்டு அழைப்பது என்பதை ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்த்தல் நலம். எந்தக் கடனைத் தீர்க்க வந்தோம்? அஃது எப்போது தீரும்? தீர்ந்தபின் எந்தக் கரையில் ஏறுவோம்? ஊருக்குத் திரும்புவதும் ஒரு கரையே. கன்னடம் கற்று, பிள்ளைகளைப் படிக்கவைத்து, இவ்வூரையே சொந்த ஊராக்கிக்கொள்வதும் ஒரு கரையே. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தவருக்கு இங்குள்ள துன்பம் உத்தரிப்பு. ஒன்றையும் தேராதவருக்கு அதுவே திரிசங்கு நிலை. அவ்வாறு நிற்பவர் நம் அண்டை வீட்டிலேயே இருக்கக்கூடும். கல்லறையில் ஏற்றும் மெழுகுவத்தியைப்போல, உயிரோடிருக்கும் அவருக்கும் நாம் ஒரு விளக்கு ஏற்றிவைக்கலாம் அன்றோ?