காடையின் முதல் முட்டை



“முட்டை இடுகிற கோழிக்குத்தான் வருத்தம் தெரியும்” என்பது நம் முன்னோர் வாக்கு. இவ்வாக்குக் கோழியைக் காட்டிலும் காடைக்கே மிகுதியும் பொருந்தும். கோழியின் முட்டை அதன் உடல் நிறையில் முப்பதில் ஒரு பங்களவே இருக்கும். காடையோ ஏறக்குறைய 150 கிராம் நிறையே உள்ள பறவை. அது இடும் முட்டை 10 முதல் 12 கிராம் வரை நிறைகொள்ளும். தன் நிறையில் ஏறத்தாழப் பதினான்கில் ஒரு பங்கை அநேகமாக நாள்தோறும் ஈயும் இச்சிறு பறவையை வீட்டில் வளர்க்க விரும்புவோர், அது முதல் முட்டை இடும் காலத்தைக் குறித்துச் சிறிது அறிந்திருத்தல் வேண்டும். அதனையே இன்று சொல்ல விழைகின்றேன்.

நாம் கூட்டில் வளர்ப்பது யப்பானியக் காடையாகும். நமது வயல்வெளிகளிலும் பற்றைகளிலும் ஓடித் திரியும் சிறு காடைகள் வேறு இனத்தவை. அவற்றைப் பிடித்து அடைத்து வைத்தல் முறையன்று. யப்பானில் இப்பறவை முதலில் அதன் குரலுக்காகவே வளர்க்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேதான் முட்டைக்காகப் பெருக்கப்படலாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அவ்வளர்ப்பு மரபு பெரும்பாலும் அழிந்துபோக, 1945க்குப் பின்னர் எஞ்சியவற்றைக் கொண்டு மீண்டும் உண்டாக்கினர். இவ்வாறு மனிதர் கையில் வளர்ந்தமையால் இது அடைகாக்கும் இயல்பைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. பொரிக்கும் கருவியிலோ சிறிய அடைக்கோழியின் கீழோ முட்டைகளை வைத்தால் 17, 18 நாட்களிற் குஞ்சுகள் வெளிவரும்.

2023ஆம் ஆண்டில், முட்டையின் விலை உயர்ந்து, இந்தியாவிலிருந்தும் முட்டைகள் இறக்குமதியான காலத்தில், எங்கள் அயலிலுள்ள ஒரு தாயார் சீட்டுக் காசைக் கொண்டு ஒரு மாத வயதுடைய முப்பது காடைகளை வாங்கினார். விரைவில் முட்டை கண்டுவிட வேண்டுமென்ற ஆவலினால், அன்றிரவே கூட்டின் மேல் மின்குமிழ் ஒன்றைக் கட்டி விடியுமட்டும் எரியவிட்டார். முப்பத்தெட்டாம் நாளே முதல் முட்டையைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினார். ஆனால் அடுத்த இரு வாரங்களில் ஓடின்றித் தோல் மட்டுமே உள்ள முட்டைகள் பல கிடைத்தன. ஐந்து பேடுகள் முட்டையை வெளியேற்ற இயலாமல் இறந்தன. “மாஸ்ரர், நான் வெளிச்சம் குடுத்தது பிழையோ?” என்று அவர் கேட்டார். “வெளிச்சம் பிழையில்லை, அக்கா. குடுத்த காலந்தான் பிழை” என்றேன்.

இதன் காரணத்தை விளக்குவேன். யப்பான் போன்ற பருவமாறுதல் மிகுந்த நாடுகளில், காட்டிலுள்ள காடை இளவேனிலிற் பகல் நீளும்போது முட்டையிடத் தொடங்கி, பகல் குறுகும்போது நிறுத்திவிடும். ஒளியானது மண்டையோட்டை ஊடுருவி மூளையின் உட்பகுதியைச் சேர, அங்கிருந்து முட்டைப்பையைத் தூண்டும் சுரப்புக்கள் புறப்படுகின்றன. நம் நாட்டிலோ பகலின் நீளம் ஆண்டு முழுவதும் பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டே முக்கால் மணிக்கும் இடைப்பட்டதே. ஆகவே நாம் ஏற்றும் விளக்கே காடைக்கு இளவேனில் ஆகின்றது. உடல் முற்றுமுன் அந்த இளவேனிலை வரவழைப்பதே தீங்கு.

முதல் முட்டைக்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களின் முன்னரே பேடு தன் எலும்புகளின் உள்ளே சுண்ணாம்புச் சத்தைச் சேமிக்கத் தொடங்கும். ஓடு அமைவதற்கு அச்சேமிப்பும் உதவும். இடுப்பு விரிவதற்கும் காலம் வேண்டும். இவையிரண்டும் நிறைவுறுமுன் முட்டை உருவானால், ஓடு மெலிகின்றது. சிலவேளை முட்டை வழியிலே தங்கிவிடுகின்றது.

எனவே செய்யத்தக்கது இதுவாம். குஞ்சுகளுக்கு முதலிரண்டு வாரமும் இரவும் பகலும் சூடும் வெளிச்சமும் அளியுங்கள். தண்ணீர்த் தட்டிற் சிறு கற்களைப் பரப்பிவிடுங்கள். இல்லையேல் குஞ்சுகள் மூழ்கி இறக்கும். மூன்றாம் வாரம் முதல் ஆறாம் வாரம் முடியும்வரை பகல் வெளிச்சமே போதும். அதன் பின்னர் வாரத்துக்கு ஒரு மணி நேரமாக விளக்கு வெளிச்சத்தைக் கூட்டி, பகலும் விளக்கும் சேர்ந்து 15 அல்லது 16 மணியானதும் நிறுத்திவிடுங்கள். பறவைக்கும் இருளும் உறக்கமும் வேண்டும். தீனில் இளம்பருவத்திலே புரதம் நூற்றுக்கு 24 பங்கும், முட்டையிடும் பருவத்திலே 20 பங்கும் இருத்தல் நன்று. இடித்த சிப்பி ஓட்டை முட்டையிடத் தொடங்கும் தறுவாயிலே தனித் தட்டில் வையுங்கள். கூட்டின் உயரம் ஒரு சாண் போதும். அதற்கு மேற்பட்டால் வெருண்டு மேலெழும் பறவை தலையை மோதிக்கொள்ளும்.

நெஞ்சில் கரும்புள்ளி உள்ளவை பேடுகள். செம்பழுப்பு நெஞ்சுடையவை சேவல்கள். முட்டை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே கிடைக்கும். முதலில் வருபவை சிறியனவாயிருக்கும். அதனால் மனஞ்சோர வேண்டியதில்லை. ஒவ்வொரு பேடும் தனக்கே உரிய புள்ளிக் கோலத்துடன் முட்டையிடும். அதனை நாள்தோறும் நோக்கிவந்தால், இன்று இடாத பேடு எதுவென்பதை எளிதில் அறியலாம். இறகைச் சிலிர்த்து, முக்கியபடி ஒதுங்கியிருக்கும் பேட்டைக் கண்டால் இளஞ்சூடான இடத்தில் வைத்து, கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். முட்டையைக் கையால் வலிந்து இழுக்க வேண்டாம். உள்ளே உடைந்தால் பறவை பிழைப்பது அரிது.

இன்னுமொன்று. 2022ஆம் ஆண்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. ஒரு நாள் எரிந்தும் மறுநாள் அணைந்தும் வரும் வெளிச்சம் பறவையின் ஒழுங்கைக் குலைக்கும். விளக்கை ஒழுங்காக ஏற்ற இயலாதவர்கள் அதனை விட்டுவிடலாம். முட்டை சற்றுத் தாமதித்தும் குறைந்தும் வரும். எனினும் பறவை நலமாயிருக்கும்.

அந்தத் தாயார் மறுமுறை காடைகளை வாங்கியபோது, ஆறு வாரம் முடியுமட்டும் விளக்கைத் தொடவில்லை. முதல் முட்டை முன்னையதிலும் பத்து நாள் பிந்தியே கிடைத்தது. ஆனால் ஒரு பேடும் சாகவில்லை. சீட்டுக் காசும் அவ்வாண்டிலேயே தீர்ந்தது. இடுகின்ற பறவையின் வருத்தத்தை வளர்ப்பவரும் அறிந்துகொண்டால், இருவருக்கும் நன்மையே விளையும்.