ஆமையை உண்பவர்களே ஆமையைக் காக்கிறார்கள்



ஒரு தீவில் எத்தனை ஆமைகள் முட்டையிட வருகின்றன? கேள்வி எளியது. விடைதான் கடினம்.

ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வட முனையில் இருக்கிறது ரெய்ன் தீவு. உலகிலேயே மிக அதிகமான பச்சை ஆமைகள் முட்டையிடும் இடம் அதுதான். வுத்தாத்தி மக்களும் டோரஸ் நீரிணையின் மெரியம் மக்களும் அதன் பாரம்பரிய உரிமையாளர்கள். அவர்களையும் பங்காளிகளாகக் கொண்டு 2015இல் ஒரு மீட்புத் திட்டம் தொடங்கியது.

ஆமைகளை எண்ணிய முறை சுவையானது. கரையேறும் ஆமைகளின் ஓட்டில் தீங்கற்ற வெள்ளைச் சாயத்தால் கோடு போட்டார்கள். பிறகு, ஆளில்லா விமானத்தால் கடலைப் படம் பிடித்தார்கள். கோடு உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று ஒப்பிட்டு மொத்தத்தைக் கணக்கிட்டார்கள். 2019 டிசம்பரில் தீவைச் சூழ்ந்திருந்தவை 64,000 வரை என்பது தெரியவந்தது.

இதைக் கேட்டு மகிழலாமா? முழுமையாக மகிழ முடியாது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது. சூடு கூடினால் பெண். அந்த வட்டாரத்து இளம் ஆமைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் பெண் என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கூறியது. ஆண் இல்லாமல் அடுத்த தலைமுறை ஏது?

மேற்குக் கரைக்கு வருவோம். புரூம் நகருக்கு அருகேயுள்ள ரோபக் விரிகுடா, யாவுரு மக்களின் கடல். அங்குள்ள மொட்டை மூக்கு டால்பினை அறிவியல் தனி இனமாக அறிவித்ததே 2005இல்தான். முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் தழும்புகளையும் படமெடுத்து, ஒவ்வொரு டால்பினையும் அடையாளம் காண்கிறார்கள். இப்பணியில் யாவுரு ரேஞ்சர்களும் ஆய்வாளர்களுடன் படகேறுகிறார்கள்.

சிலர் கேட்பதுண்டு: ஆமையை வேட்டையாடி உண்பவர்களிடமா ஆமையைக் காக்கும் பொறுப்பு? அந்நாட்டின் 1993ஆம் ஆண்டுச் சட்டம், பூர்வ நில உரிமை உள்ளோர் தம் தேவைக்கு வேட்டையாட இடம் தருகிறது. ஆமை அழிந்தால் முதலில் இழப்பவர்களும் அவர்களே. ஆகவேதான் டோரஸ் நீரிணையில் ஊர்தோறும் வேட்டைக்கான திட்டம் வகுத்திருக்கிறார்கள். அது நடைமுறையாவதை ரேஞ்சர்கள் கவனிக்கிறார்கள்.

இந்தப் பாடம் நமக்கும் புதிதல்ல. திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரையில் 1950களில் பெலிம்பிங் ஆமைகள் ஆண்டுக்கு 10,000 கூடுகளுக்கு மேல் இட்டன. முட்டை எடுப்பும் மீன்வலைகளும் சேர்ந்து அவற்றை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிட்டன. காப்பதற்கென்று அமைத்த பொரிப்பகங்களிலும் மணல் சூடானதால், பொரித்த குஞ்சுகள் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தன.

திரெங்கானுவில் எல்லா ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் 2022இல் தடை வந்தது. பெலிம்பிங் ஆமைக்கு அது மிகத் தாமதம். மற்ற ஆமைகளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கரையில் வாழ்பவர்களைக் கூட்டாளிகளாக்கினால் அந்தத் தடை நிலைக்கும். ஒதுக்கினால் ஏட்டளவில் நின்றுவிடும்.