பெயரளவில் நகரும் வீடு

அமெரிக்க நாட்டில் வெற்று நிலத்தை வாங்குவோர் சிலர் அதில் வீடு கட்டுவதில்லை. பாதை, குடிநீர், மின்சாரம், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றை அமைத்து, மனைகளாகப் பிரித்து வாடகைக்கு விடுகின்றனர். தொழிற்சாலையில் செய்த வீட்டைக் குடியிருப்பவரே விலைக்கு வாங்கி அங்கே நிறுத்துகிறார். நகரும் வீடு என்பது பெயர்தான். நகர்த்தவோ பல்லாயிரம் டாலர் வேண்டும்! பழைய வீடாயின் வழியிலேயே சிதையவுங் கூடும். ஆகவே, மனை வாடகை ஏறினாலும் அவர் எளிதில் இடம் பெயர்வதில்லை. முதலிட்டவர் இலாபம் நாடுவதை நான் குறை கூறேன். பெயர முடியாதவரிடம் வாடகையை உயர்த்திக்கொண்டே போவதைத்தான் என் மனம் ஏற்கவில்லை. 1984-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மெரிடித் என்னும் ஊரில், குடியிருந்தோரே கூட்டுறவாகச் சேர்ந்து, கடன் பெற்று, தம் வீடுகளின் கீழிருந்த நிலத்தை வாங்கிவிட்டனர்.