கடிதங்களை அச்சுக்குக் கொடுத்த அமைச்சர்



அயர்லாந்து அரசியல்வாதி ஒருவரைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் அந்த நாட்டை நெடுங்காலம் ஆண்ட டி வலேராவாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்திருப்பீர்கள். அவர் இன்று வருவார், ஆனால் ஓரமாக வந்து போவார். நான் பேச வந்திருப்பது நோயல் பிரவுனைப் பற்றி. சுகாதார அமைச்சராக மூன்றாண்டும் சில வாரங்களும் இருந்தவர். அவர் கொண்டுவந்த பெரிய திட்டம் தோற்றது. அவர் இருந்த கட்சி சிதறியது. அதற்குப் பிறகு அவர் எந்த அமைச்சரவையிலும் இடம்பெறவில்லை. அப்படிப்பட்டவரை அந்த நாட்டு மக்கள் ஏன் மறக்கவில்லை? இன்றைக்கு என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

1915 டிசம்பரில் வாட்டர்ஃபோர்டில் பிறந்தார். அப்பா, குழந்தைகளுக்கு நடக்கும் கொடுமைகளைத் தடுக்கும் சங்கத்தில் ஆய்வாளர். பெரிய சம்பளம் இல்லை, மரியாதையான வேலை. அந்த வீட்டுக்குள் காசநோய் நுழைந்தது. முதலில் அப்பா போனார். கணவர் போனதோடு குடியிருந்த வீடும் போக, அம்மா தட்டுமுட்டுச் சாமான்களை விற்றுப் பணமாக்கிக்கொண்டு பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். அவரையும் அதே நோய் பிடித்திருந்தது. போய்ச் சேர்ந்த சில நாட்களில் அவரும் இறந்தார். கூடப் பிறந்தவர்களிலும் சிலரை அந்த நோய் கொண்டுபோனது.

நோயலுக்கு வாய்த்தது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் நல்ல பள்ளியில் இலவச இடம் கிடைத்தது. பள்ளித் தோழன் ஒருவனின் குடும்பம் டப்ளினில் வசதியானது. அவர்கள் பணம் கட்டி டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படிக்க வைத்தார்கள். படிக்கும்போதே இவருக்கும் காசநோய் வந்தது. இங்கிலாந்தில் ஒரு சானடோரியத்தில் படுத்து எழுந்தார். பிறகு விக்லோ மாவட்டத்தில் நியூகாசில் சானடோரியத்தில் மருத்துவராக வேலை பார்த்தார்.

சானடோரியம் என்றால் சென்னையில் மின்சார ரயிலில் போனவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு நிலையத்துக்கே அந்தப் பெயர். 1928இல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய மருத்துவமனையால் வந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நீண்ட படுக்கை என்பதுதான் அன்றைய வைத்தியம். அயர்லாந்தில் அந்தப் படுக்கைக்கும் காத்திருக்க வேண்டும். 1940களில் அந்த நாட்டின் மக்கள்தொகை 30 லட்சத்துக்கும் குறைவு. ஆண்டுக்கு 3,000 பேருக்கு மேல் காசநோயில் செத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் நோயாளி இருப்பதை வெளியில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் நடக்காது, பையனுக்கு வேலை கிடைக்காது. இந்த வெட்கம் நமக்கும் தெரியாததில்லை.

1948 தேர்தலில் க்ளான் நா பொப்லக்டா என்ற புதுக் கட்சியின் வேட்பாளராக பிரவுன் நின்று ஜெயித்தார். கட்சித் தலைவர் ஷான் மக்பிரைட், பிற்காலத்தில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். பதினாறு ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட டி வலேராவை இறக்குவதற்காக, ஒன்றுக்கொன்று ஒத்துவராத கட்சிகள் சேர்ந்து கூட்டணி அமைத்தன. ஜான் காஸ்டெல்லோ பிரதமர். பிப்ரவரி 18ஆம் தேதி, நாடாளுமன்றக் கீழவையான டாயிலுக்குள் பிரவுன் கால் வைத்த முதல் நாள். அன்றே சுகாதார அமைச்சர். வயது 32.

என்ன செய்தார்? அயர்லாந்தில் குதிரைப் பந்தயத்தை வைத்து ஒரு லாட்டரி நடந்துவந்தது. மருத்துவமனைகளுக்கென்று 1930இல் தொடங்கியது. அதன் சீட்டுகள் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் திருட்டுத்தனமாகப் போகும், பணம் கப்பல் கப்பலாக உள்ளே வரும். அந்த நிதியின் வட்டியை மட்டும் எடுத்துச் செலவழித்தால் போதும் என்றிருந்தார்கள். முதலையே எடுத்துக் கட்டு என்றார் பிரவுன். ஜனங்கள் இப்போது சாகிறார்கள், முதலைப் பூட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்? ஏறத்தாழ 2,000 படுக்கைகள் கூடின. ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்தார்கள். பிசிஜி ஊசி வந்தது, ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. சாவு எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

இங்கே நியாயமாக ஒன்று சொல்லியாக வேண்டும். இத்தனைக்கும் அவர் ஒருவரே காரணம் என்று அவருடைய ரசிகர்கள் எழுதுவார்கள். அது சரியில்லை. காசநோய்த் திட்டத்தின் வரைபடத்தை முந்தைய ஆட்சியிலேயே தலைமை மருத்துவ ஆலோசகர் ஜேம்ஸ் டீனி போட்டு வைத்திருந்தார். மருந்தோ உலகம் முழுவதும் வந்த மருந்து. பிரவுன் கொடுத்தது வேகம். சொந்த வீட்டில் பிணம் தூக்கியவனுக்கு வரும் வேகம். கட்டிய படுக்கைகளுக்கும் ஆயுள் குறைவு. சானடோரியத்தில் படுத்திருந்தாலும் வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று 1959இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அந்த ஆய்வு நடந்த ஊர் எது தெரியுமா? நம்முடைய சென்னை. அதற்குப் பிறகு உலகமெங்கும் சானடோரியங்கள் காலியாகத் தொடங்கின. ஆகவே படுக்கைகளுக்காக மட்டும் என்றால் இன்று நான் இவரைப் பற்றிப் பேச வந்திருக்க மாட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தாய்-சேய் நலத் திட்டம். கருவுற்ற பெண்ணுக்குப் பேறுகாலம் முழுக்க இலவச மருத்துவம். குழந்தைக்குப் பதினாறு வயது வரை இலவச மருத்துவம். அதற்குச் சட்டமும் ஏற்கெனவே இருந்தது, டி வலேரா அரசு 1947இல் போட்ட சட்டம். பிரவுன் பிடிவாதம் பிடித்தது ஒரே ஒரு விஷயத்தில். வருமான வரம்பு கூடாது. நான் ஏழை என்று எந்தத் தாயும் ஒரு குமாஸ்தா முன்னால் நின்று நிரூபிக்கக் கூடாது என்றார்.

முதலில் எதிர்த்தவர்கள் மருத்துவர்கள். பணம் கட்ட முடிந்தவர்களுக்கும் அரசே வைத்தியம் பார்த்தால் தனித் தொழில் என்னாவது என்று மருத்துவர் சங்கம் கொதித்தது. எந்த நாட்டில்தான் கொதிக்கவில்லை? பிரிட்டனிலும் கொதித்தார்கள். ஆனால் அயர்லாந்தில் இன்னொரு கதவும் இருந்தது. அங்கே 1937 அரசியல் சாசனமே கத்தோலிக்கத் திருச்சபைக்குத் தனிச் சிறப்பிடம் கொடுத்திருந்தது. டப்ளின் பேராயர் ஜான் சார்ல்ஸ் மக்குவைட் ஒரு சொல் சொன்னால் அமைச்சர்கள் எழுந்து நிற்பார்கள்.

1950 அக்டோபர் 10ஆம் தேதி ஆயர்கள் பிரதமருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். குழந்தைகளின் உடல்நலத்தைப் பேணுவது பெற்றோரின் உரிமை, எல்லாக் குழந்தைகளுக்கும் அரசே அதைச் செய்யக் கிளம்புவது அந்த உரிமைக்குள் கை வைப்பது என்றார்கள். தாய்மை பற்றி அரசு மருத்துவர் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்கப் போனால் கருத்தடையில் போய் முடியும் என்ற அச்சமும் அதில் இருந்தது. மறுநாளே பேராயரும் இரண்டு ஆயர்களும் பிரவுனை வரவழைத்துப் பேசினார்கள். பேச்சு முடிந்து இவர் வெளியே வரும்போது, ஆயர்கள் சமாதானமாகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறார். ஆயர்களோ, இந்த ஆள் நாம் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். ஒரே அறை, ஒரே பேச்சு! குறிப்பெடுக்க மூன்றாவது மனிதர் இல்லாத கூட்டங்களின் லட்சணம் இதுதான்.

பிரவுன் பதில் எழுதிப் பிரதமரிடம் கொடுத்தார். அந்தப் பதில் அப்போது ஆயர்களுக்குப் போகவில்லை. மாதக்கணக்கில் காஸ்டெல்லோவிடமே கிடந்தது. பிரச்சினையை மெதுவாக ஆறப் போடலாம் என்பது அவர் எண்ணம். பதிலே வராதபோது சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டு, 1951 மார்ச்சில் பிரவுன் திட்டத்தைத் தானாகவே அறிவித்துவிட்டார். அரசியலில் இது அசட்டுத்தனம். பக்கத்து நாற்காலி அமைச்சரைக்கூட அவர் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கவில்லை.

அவர் கத்தோலிக்கர். திட்டம் திருச்சபையின் அறநெறிப் போதனைக்கு எதிரானதா என்று ஒரு இறையியல் அறிஞரிடம் தனியாக விசாரித்தும் இருந்தார். இல்லை என்று பதில் வந்தது. ஏப்ரலில் ஆயர்களின் முடிவு வந்தபோது பாருங்கள், அறநெறிப் போதனைக்கு எதிரானது என்று அவர்கள் எழுதவில்லை, கத்தோலிக்கச் சமூகப் போதனைக்கு எதிரானது என்று எழுதினார்கள். பிரவுன் அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டார். அமைச்சரவையில் மற்ற யாருக்கும் அது இடைவெளியாகவே படவில்லை. ஆயர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஒருவர் கூட இவர் பக்கம் நிற்கவில்லை. சொந்தக் கட்சித் தலைவர் மக்பிரைடே ராஜினாமாவைக் கேட்டார். ஏப்ரல் 11ஆம் தேதி பிரவுன் பதவி விலகினார்.

இதுவரை நடந்தது எல்லா நாட்டிலும் நடப்பதுதான். அமைச்சர் போவார், உடல்நலக் குறைவு என்றோ கருத்து வேறுபாடு என்றோ ஒரு வரி அறிக்கை வரும், அடுத்தவர் வருவார். பிரவுன் என்ன செய்தார்? தானும் பிரதமரும், தானும் மக்பிரைடும், அரசும் ஆயர்களும் எழுதிக்கொண்ட கடிதங்களை மொத்தமாக எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார். ஏப்ரல் 12ஆம் தேதி காலை 'ஐரிஷ் டைம்ஸ்' நாளிதழில் அத்தனையும் அச்சில் வந்தது.

நண்பர்களே, அன்று காலை டப்ளினில் ஒரு தபால்காரரும் ஒரு மளிகைக் கடைக்காரரும் காசு கொடுத்து வாங்கிப் படித்தது என்ன என்று யோசியுங்கள். தாங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பிரதமர், தாங்கள் ஓட்டுப் போடாத ஒருவருக்கு எந்தத் தோரணையில் கடிதம் எழுதுகிறார் என்பதை அவர்கள் முதல் முறையாகக் கண்ணால் பார்த்தார்கள். திருச்சபைக்குச் செல்வாக்கு உண்டு என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. அது எப்படி வேலை செய்கிறது, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. எல்லைக்கு அப்பால் வட அயர்லாந்தில், பிரிட்டனோடு இணைந்தே இருக்க விரும்பிய யூனியனிஸ்டுகள் துள்ளிக் குதித்தார்கள். அங்கே ஆள்வது திருச்சபைதான் என நாங்கள் அப்போதே சொன்னோமே என்று அந்த விவகாரத்தைச் சிறு நூலாகவே போட்டார்கள். அங்கே 1948 முதலே எல்லோருக்கும் இலவச மருத்துவம் நடந்துகொண்டிருந்தது என்பது இன்னொரு குத்தல்.

அன்றைக்கே டாயிலில் விவாதம். கத்தோலிக்கன் என்ற முறையில் நான் திருச்சபை அதிகாரிகளுக்குக் கீழ்ப்படிகிறேன், இனியும் கீழ்ப்படிவேன் என்றார் காஸ்டெல்லோ. ஒளிவுமறைவு இல்லை, அந்த வகையில் அவரைப் பாராட்டலாம். ஆச்சரியம் என்னவென்றால், பிரவுனும் ஆயர்களின் கருத்தைத் தான் முழுமையாக ஏற்பதாகத்தான் அன்று பேசினார். தன் சகாக்கள் இதைக் கையாண்ட விதத்தைத்தான் ஏற்க முடியவில்லை என்றார். திருச்சபையை எதிர்த்து வாளெடுத்த வீரன் என்று அவரைப் பற்றிப் பிற்காலத்தில் வரைந்த படம் அந்த நாளின் பேச்சோடு ஒட்டாது. அவருடைய சண்டை மூடிய அறையோடு. எனக்கு அவரைப் பிடிக்கக் காரணமும் அதுதான்.

அடுத்த மாதமே தேர்தல் வந்தது. பிரவுன் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். பத்து இடங்கள் வைத்திருந்த மக்பிரைடின் கட்சிக்கு இரண்டே இரண்டு மிஞ்சியது. டி வலேரா திரும்பவும் பிரதமர். அவரும் தாய்மார்களுக்கான மருத்துவச் சட்டத்தைக் கையில் எடுத்தார். ஆயர்கள் அவருக்கும் எதிராகப் பத்திரிகைகளுக்கு ஒரு கடிதம் தயாரித்தார்கள். டி வலேரா கார்டினல் டால்டனைத் தனியாகச் சந்தித்துப் பேசினார். கடிதம் அச்சேறவில்லை. 1953இல் சட்டம் நிறைவேறியது. கீழ்நிலை, நடுத்தர வருமானக் குடும்பங்களின் தாய்மார்களுக்கு இலவச மருத்துவம். குழந்தைக்கு ஆறு வாரம் வரை மட்டும். பதினாறு வருஷம் எங்கே, ஆறு வாரம் எங்கே!

இங்கே என் நண்பர் ஒருவர் என்னோடு சண்டைக்கு வருவார். அறைக்குள் பேசிய டி வலேராவால்தானே ஏழைத் தாய்க்கு ஏதோ கிடைத்தது, பத்திரிகைக்குப் போன உன் ஆளால் என்ன கிடைத்தது என்று கேட்பார். நல்ல கேள்வி. 1953ஆம் வருஷத்தில் பிள்ளை பெற்ற பெண்ணிடம் கேட்டால் டி வலேரா பெயரைத்தான் சொல்லியிருப்பாள், சொல்ல வேண்டியதும் அதுதான். ஆனால் ஆயர்கள் அந்த முறை இறங்கி வந்ததற்கு, 1951இல் பட்ட சூடு ஒரு காரணம் இல்லையா? தங்கள் கடிதம் நாளைக்கு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் தாளில் வரலாம் என்று தெரிந்த பிறகு எழுதுகிற கை கொஞ்சம் தயங்கும். இதை நிரூபிக்க என்னிடம் ஆவணம் இல்லை, என் ஊகமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றதை வேகமாகச் சொல்லி விடுகிறேன். பிரவுன் டி வலேராவின் கட்சியில் சேர்ந்தார், தோற்றார், விலகினார். சொந்தமாக ஒரு கட்சி தொடங்கினார். தொழிற்கட்சிக்குப் போனார், அங்கும் மோதல். மேலவை, பிறகு மறுபடி டாயில், பிறகு இன்னொரு சின்னக் கட்சி. நடுவில் மனநல மருத்துவம் படித்து அந்தத் தொழிலும் பார்த்தார். 1982இல் அரசியலை விட்டார். கூட்டாக வேலை செய்யத் தெரியாதவர், யாரையும் நம்பாதவர் என்பது கூட இருந்தவர்களின் குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. அந்தக் குணம்தான் தாய்-சேய்த் திட்டத்தைத் தோற்கடித்தது, அதே குணம்தான் கடிதங்களை அச்சுக்கும் அனுப்பியது. சுமுகமான மனிதர் யாராவது அப்படிச் செய்திருப்பாரா? நாளைக்குத் திரும்பி வர ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பார்.

1986இல் 'எகெய்ன்ஸ்ட் த டைட்' என்று தன் வரலாற்றை எழுதினார். அயர்லாந்தில் அது பரபரப்பாக விற்றது. பழைய சகாக்களை அதில் அவர் கிழித்த கிழி கொஞ்சநஞ்சமல்ல. படிக்கையில் சில பக்கங்கள் எனக்கே கூசின. நான் சொன்னேனே டீனி, அவர் மூன்று வருஷம் கழித்துத் தன் பக்கத்துக் கதையைப் புத்தகமாக எழுதினார். காசநோய் ஒழிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கணக்கு அதில் வேறு மாதிரி இருக்கும். பிரவுன் 1997 மே மாதம் கால்வே மாவட்டத்தில், தன் 81ஆம் வயதில் காலமானார்.

இரண்டு புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள், ஒன்றை மட்டும் படித்தால் ஏமாந்து போவீர்கள். நம் நூலகத்தில் இரண்டுமே இல்லை என்று நூலகர் ஐயா மேடையேறுவதற்கு முன்பே சொல்லிவிட்டார். வாங்கச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வரலாம்.