லயத்துக் காம்பராவுக்கு ஒரு விரிப்பு
(மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம்; அதில் படுத்துறங்கும் பிள்ளைங்க நமக்குச் சொந்தம். சொந்த வீடு வரும்வரைக்கும் குளிர்ந்த தரையிலேயே கிடத்தலாமா?

முதலில் லயத்துக்குப் பின்னால் உள்ள கானைத் துப்புரவாக்குவோம். கான் அடைத்தால் தண்ணீர் சுவரடியில் ஊறித் தரைக்கு வரும்.

பிறகு, மா வந்த சாக்கு இரண்டைக் கழுவிக் காயவைத்து, நடுவில் பழைய சேலைகளை மடித்து வைத்துத் தைப்போம். மெத்தென்ற விரிப்பு தயார். கிழிந்த சேலைகளை நாடாவாகக் கிழித்து, சடை போலப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைத்தால் வாசலுக்குக் கால்மிதி. செலவு ஊசியும் நூலும்தான்.

மருந்தும் உரமும் வந்த சாக்கு வேண்டவே வேண்டாம். அடுப்படியில் விரிக்கக் கூடாது. காலையில் சுருட்டி வெயிலில் போடணும். ஈரத்தில் கிடந்தால் பூசணம் பிடிக்கும், பிள்ளைக்கு இருமல் வரும்.

ஒரு காம்பராவில் தொடங்குவோம். லயமே பார்த்துச் செய்யும்.